பேட்டையின் எல்லையை நடந்து பாருங்கள்
பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில்க் போர்டு நெரிசலில் பேருந்து பிடித்து, அத்திப்பள்ளி வளைவைத் தாண்டி ஊருக்குப் போகிறீர்கள். திங்கள் விடிவதற்குள் அதே வளைவு வழியாகத் திரும்பி விடுகிறீர்கள். ஊருக்குப் போகாத வாரங்களில் நந்தி மலைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். ‘பெங்களூருக்குள் பார்க்க என்ன இருக்கிறது, எல்லாம் கண்ணாடிக் கட்டடம்தானே’ என்ற பேச்சை உங்களில் பலரிடம் கேட்டிருக்கிறேன். தஞ்சாவூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. அண்ணாந்து பார்க்கும்படியான கோபுரம் இந்த ஊரில் குறைவு. ஆனால் குனிந்து தேட வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. அதைத் தேடச் சொல்லித்தான் இந்த மடல்.

இந்த நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் மண்ணால் ஆன எல்லை ஒன்று ஓடியது. எலகங்க நாட்டுத் தலைவர் முதலாம் கெம்பெ கவுடர் 1537-இல் ஊரை எழுப்பியபோது மண் கோட்டையாகத்தான் எழுப்பினார். நடுவில் நின்று நான்கு திசைக்கும் ஏர் பூட்டி உழவைத்து வீதிகளுக்குக் கோடு போட்டார் என்பது ஊர்க்கதை. வடக்கு தெற்காக ஓடிய தொட்டபேட்டை வீதியை இன்று அவென்யூ சாலை என்கிறோம். கிழக்கு மேற்காக ஓடியது சிக்கபேட்டை. இரண்டும் வெட்டிக்கொண்ட இடத்தைச் சுற்றி அக்கிபேட்டை, ராகிபேட்டை, பளேபேட்டை, கும்பாரபேட்டை, காணிகரபேட்டை என்று சரக்கின் பெயரிலும் தொழிலின் பெயரிலும் தெருக்கள் முளைத்தன. மொத்தமாகப் பேட்டை எனப்பட்ட இவை எல்லாவற்றையும் வளைத்து நின்றது மண் மதில். அதற்கு முக்கியமான வாயில்கள் நான்கு: கிழக்கே அலசூர், மேற்கே சொண்டேகொப்பா, வடக்கே எலகங்கா, தெற்கே ஆனேக்கல்.

மண் மதில் என்றதும் குட்டிச்சுவரை நினைத்துவிடாதீர்கள். அகழி தோண்ட வேண்டும், தோண்டிய மண்ணை உட்பக்கம் கொட்ட வேண்டும், கொட்டியதை அடுக்கடுக்காக நீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். ஒரே உழைப்பில் பள்ளமும் கிடைக்கும், மேடும் கிடைக்கும். நம் ஏரிக்கரைகள் எழும்பியதும் இப்படித்தான். பெங்களூரின் செம்மண் இந்த வேலைக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். கல் மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் தெறிக்கும், விரிசல் விடும். மண் மதிலில் பட்டால் குண்டு உள்ளே போய்ப் புதைந்துகொள்ளும். மண்ணுக்குப் பகை மழைதான். ஆண்டுதோறும் கரைந்த இடத்தில் மண் போட்டு இடிக்க ஆள் இருக்கும்வரை மதில் நிற்கும். ஆள் விலகிய நாளிலிருந்து அது மெல்ல நிலமாகிவிடும்.

இந்த உழைப்பின் நினைவு ஒரு கதையாக எஞ்சியிருக்கிறது. தெற்கு வாயிலைக் கட்டக் கட்ட அது சரிந்துகொண்டே இருந்ததாம். பலி கேட்கிறது என்றார்களாம். கெம்பெ கவுடரின் மருமகள் லக்கம்மா, கர்ப்பிணி, ஓர் இரவில் யாருக்கும் சொல்லாமல் அங்கே போய்த் தன்னையே பலி கொடுத்தாளாம். அதன்பிறகு வாயில் நின்றது என்கிறார்கள். அவள் நினைவாக எழுந்த கோயில் இருப்பது எங்கே தெரியுமா? உங்களில் பாதிப் பேர் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் கோரமங்கலாவில். கதையை வரலாறு என்று நான் வாதாட மாட்டேன். மண்ணை நிற்கவைப்பது எவ்வளவு பெரிய பாடு என்பதை இந்த ஊர் மறக்கவில்லை என்பதற்கு மட்டும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

பிறகு ஊர் கை மாறிக்கொண்டே இருந்தது. 1638-இல் பீஜப்பூர்ப் படை பிடித்தது, சகாஜி போன்சலேக்கு அது ஜாகீர் ஆயிற்று. 1687-இல் முகலாயர் வசம் போனது, அவர்களிடமிருந்து மைசூரின் சிக்கதேவராஜ உடையார் கைக்கு வந்தது. பேட்டைக்குத் தெற்கே தனியாக ஒரு கோட்டை உருவாயிற்று. அதை 1761 வாக்கில் ஐதர் அலி கல்லால் வலுப்படுத்தினார். அதே ஐதர் அடுத்த சில ஆண்டுகளில் சென்னை வாசல்வரை வந்து மிரட்டியதால்தான் அங்கே கறுப்பர் பட்டணத்தைச் சுற்றிக் கும்பினியார் மதில் எழுப்பினார்கள். மதிலுக்கான வரி என்ற பேச்சு வால்டாக்ஸ் சாலையின் பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெங்களூரில் மதிலை உயர்த்தியவர்தான் சென்னைக்கும் மதில் தேவை என்று உணர்த்தியவர்.

பேட்டையின் மண் எல்லை எப்படி இருந்தது என்பதை அதை உடைக்க வந்தவர்களின் எழுத்திலிருந்துதான் தெளிவாக அறிகிறோம். மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் பிரபுவின் படை 1791 மார்ச் 7 அன்று பேட்டையைத் தாக்கியது. அந்தப் போரின் வரலாற்றை எழுதிய மார்க் வில்க்ஸ், பேட்டையின் மதிலைச் சுமார் என்றுதான் மதிப்பிடுகிறார். அகழியை மெச்சுகிறார். அவரை உண்மையில் மலைக்க வைத்தது மதிலுக்கும் அகழிக்கும் இடையில் ஏறக்குறைய 100 கஜ அகலத்துக்கு அடர்ந்து வளர்ந்திருந்த முட்காடு. ஆளும் புக முடியாது, குதிரையும் புக முடியாது. சங்க காலத்துக் கோட்டைகளுக்கு மதில், அகழி, காவற்காடு மூன்றும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த மூன்றும் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அவென்யூ சாலையைச் சுற்றி உயிரோடு இருந்தன.

முள்ளுக்குள் புக முடியாததால் வாயிலை உடைக்க வேண்டியிருந்தது. வாயிலில் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் குண்டு பட்டு இறந்தார். ராபர்ட் ஹோம் அதை ஓவியமாக்கினார். பீரங்கியால் கதவில் ஓட்டை விழுந்ததும் உடல் சிறுத்த ஒரு லெப்டினன்டை அதன் வழியே உள்ளே அனுப்பினார்கள் என்று வில்க்ஸ் எழுதுகிறார். அன்றே திப்புவின் படை பேட்டையை மீட்கப் பார்த்துத் தோற்றது. மார்ச் 21 இரவு கல் கோட்டையும் விழுந்தது. கல் கோட்டையின் தில்லி வாயிலும் கொஞ்சம் மதிலும் இன்று தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன, பலகை இருக்கிறது, பூட்டு இருக்கிறது. பேட்டையின் மண் மதிலுக்கும் முட்காட்டுக்கும் அப்படி எதுவும் கிடையாது. சண்டை ஓய்ந்து, வியாபாரம் பெருத்து, 19-ஆம் நூற்றாண்டில் அகழி தூர்ந்தது, மேடு சமதளமாயிற்று, மேலே சாலையும் கடையும் ஏறின.

பழைய எல்லைகளுக்கு எங்கும் இதே விதிதானா என்று கேட்கலாம். மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது மதுரை. நாயக்கர் காலத்து வெளிக்கோட்டையை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க முடிவு செய்தார். மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த நிலத்தையே தருவதாகச் சொன்னார். மேற்பார்வை பார்த்தவர்களின் பெயரில் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வந்தன, கலெக்டருக்கு விளக்குத்தூண் நின்றது. மதில் போனாலும் வெளி வீதிகளின் சதுரம் அது ஓடிய தடத்தைக் காட்டிக்கொண்டே இருக்கிறது. மதுரைக்காரர்கள் தினமும் அந்தத் தடத்தின் மேல் நடக்கிறார்கள்.

இரண்டாவது உப்புவேலி. உப்புக்கு வரி வாங்க ஆங்கிலேயர் வட இந்தியாவின் குறுக்கே சுங்க எல்லை ஒன்று போட்டார்கள். 1869 வாக்கில் அது சிந்து நதிப் பக்கமிருந்து மகாநதிப் பக்கம்வரை ஏறக்குறைய 2,300 மைல் நீண்டது, காவலுக்குச் சுமார் 12,000 பேர் இருந்தார்கள். அதில் பெரும்பகுதி முள்வேலி. பின்னாளில் காங்கிரசைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம் அந்த வேலியை வளர்த்த ஆணையர்களில் ஒருவர். 1879-இல் அது கைவிடப்பட்டது. நூறு ஆண்டு கழித்து அப்படி ஒன்று இருந்ததே நாட்டுக்கு மறந்துபோயிற்று. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் பழைய வரைபடங்களோடு வந்து ஆண்டுக்கணக்கில் தேடி, உத்தரப் பிரதேசத்தில் ஒரு மண்மேட்டைக் கண்டுபிடித்து, 2001-இல் புத்தகம் எழுதினார். மேட்டின் மீது நடந்துபோன கிராமத்தாருக்கு அது வழி, அவ்வளவுதான்.

மூன்றாவது இங்கிலாந்து. 8-ஆம் நூற்றாண்டில் மெர்சியா நாட்டு மன்னர் ஆஃபா, வேல்சு மக்களின் நிலத்துக்கும் தம் நிலத்துக்கும் இடையே பெரிய மண் அணை எழுப்பினார், வேல்சுப் பக்கம் அகழி. பேரைக் கேட்டால் பெரிதாகத் தெரியும், நேரில் பார்த்தால் புல் முளைத்த மேடு, ஆடு மேயும். ஆனால் அந்த மேட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதை ஒட்டி 285 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றை 1971-இல் திறந்தார்கள். கேம்பிரிட்ஜ் பக்கம் இருக்கும் இன்னொரு மேட்டைச் சாத்தான் வெட்டினான் என்று ஊரார் சொல்லிக்கொண்டார்கள், ஆனாலும் வெட்டி எறியவில்லை. அந்த நாட்டுக் கிராமங்களில் ஆண்டுக்கு ஒரு நாள் ஊர்மக்கள் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் கற்களைக் கோலால் தட்டி, சிறு பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது.

உப்புவேலியும் ஆஃபாவின் அணையும் மண்ணில் போட்ட எல்லைகள்தான். ஒன்று நூறாண்டில் மறைந்தது, மற்றது ஆயிரத்து இருநூறு ஆண்டுகளைத் தாண்டியது. இரண்டுக்கும் நடுவே உள்ள பெரிய வேறுபாடு, ஒன்றில் ஆட்கள் அதை எல்லை என்று அறிந்து நடப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான். மண்ணில் போட்ட எல்லையைக் காப்பது மனிதரின் நடை.

இது நமக்குப் புதிய பாடம் இல்லை. பல்லவர், சோழர் காலத்துச் செப்பேடுகளைப் பாருங்கள். ஓர் ஊரைத் தானம் கொடுத்தால் அதிகாரிகளும் நாட்டாரும் சேர்ந்து அந்த எல்லையைச் சுற்றி நடப்பார்கள். பெண் யானையை முன்னே விட்டு அது போன வழியே எல்லை வகுப்பதும் உண்டு. போகப் போகக் கல்லும் கள்ளியும் நடுவார்கள். கல் அசையாது, கள்ளியை மாடு தின்னாது. பிறகு நான்கு திசையிலும் எது வாய்க்கால், எது புற்று, எது மேடு என்று வரி வரியாக எழுதுவார்கள். எல்லை என்பது முதலில் நடை, அப்புறம் கல், கடைசியில்தான் எழுத்து. நாம் இப்போது வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். 2025-இல் இந்த நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு, பெரு பெங்களூரு ஆணையத்தின் கீழ் வந்தது. 700 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு உள்ளே புதுக் கோடுகள் விழுந்தன. உங்கள் வீடு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று கைப்பேசியைப் பார்க்காமல் உங்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

பேட்டையில் நடை முற்றிலும் நின்றுவிடவில்லை. சைத்ர மாதத்து முழுநிலவு இரவில் திகளரபேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுகிறது. மல்லிகைப் பூவால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தியவரைச் சுற்றி வீரகுமாரர்கள் வாளோடு வர, விடியும்வரை பேட்டைத் தெருக்களைச் சுற்றுகிறது. காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் போகிறது. அதை நடத்தும் திகளர்கள் தோட்டக்காரர்கள். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள், பேச்சில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்தவர்கள். மதில் போன பிறகும் மதிலுக்கு உள்ளே இருந்த ஊரை ஆண்டுக்கு ஒருமுறை நடந்து சரிபார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

இங்கே உங்கள் மனதில் எழும் தயக்கம் எனக்குத் தெரியும். ‘இது கன்னடர்களின் ஊர், கெம்பெ கவுடர் அவர்களின் தலைவர். நாம் போய் மதிலைத் தேடினால் உரிமை கொண்டாடுகிறோம் என்று நினைக்க மாட்டார்களா?’ நினைக்கலாம். அதனால் எந்த மனதோடு போகிறோம் என்பது முக்கியம். மடிவாளா சோமேசுவரர் கோயிலில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று பெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானம் கொடுத்ததைப் பேசுகிறது. தொம்மலூரிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. அதற்கும் முன்னால், பேகூரில் இருக்கும் ஏறக்குறைய கி.பி. 900-ஐச் சேர்ந்த கன்னட நடுகல் பெங்களூர்ப் போரைப் பேசுகிறது. 1791-இல் வாயிலை உடைத்த படையில் சென்னை ராணுவத்துச் சிப்பாய்கள் இருந்தார்கள், அவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. 1809-இல் கண்டோன்மென்ட் உருவானபோது அந்தப் பட்டாளத்தின் பின்னால் வந்து குடியேறிய தமிழர் ஏராளம். ஆக மதிலுக்கு உள்ளே பூச்செடி வளர்த்தவர்களிலும் தமிழ் பேசியவர்கள் உண்டு, வெளியே நின்று அதை உடைத்தவர்களிலும் உண்டு. இந்த வரலாற்றை வைத்துக்கொண்டு நாம் மார்தட்டவும் முடியாது, கூனிக்குறுகவும் வேண்டியதில்லை. இந்த ஊரில் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் இந்த ஊரைத் தெரிந்துகொள்வது கடமை, அவ்வளவே.

இனி வேலைக்கு வருகிறேன். உங்களிடம் மூன்று கேட்கிறேன்.

ஒன்று, நடந்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைகள் திறப்பதற்கு முன்னால், மைசூர் பேங்க் சர்க்கிளில் இருக்கும் எலகங்கா வாயில் ஆஞ்சநேயர் கோயிலில் தொடங்குங்கள். வாயில் போய்விட்டது, அனுமார் அந்தப் பெயரோடு அங்கேயே இருக்கிறார். கிழக்கே சுற்றி வந்தால் அலசூர் கேட் காவல் நிலையம். அங்கிருந்து தெற்கே கே.ஆர். மார்க்கெட். கோட்டைக்கும் பேட்டைக்கும் நடுவே வெட்டவெளியாகக் கிடந்த போர்க்களத்தில்தான் அந்தச் சந்தை எழுந்தது. அந்தப் பகுதியில் 2012-இல் மெட்ரோவுக்குத் தோண்டியபோது பழைய பீரங்கிகள் கிடைத்தன. பிறகு மேற்கே காட்டன்பேட்டைப் பக்கமாகத் திரும்பி டேங்க் பண்ட் சாலைக்கு வாருங்கள். டேங்க் பண்ட் என்றால் ஏரிக்கரை. அந்த ஏரி இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம், கரை மட்டும் சாலைப் பெயரில் மிச்சம். மீண்டும் வடக்கே ஏறினால் தொடங்கிய இடம். இது மதிலின் துல்லியமான கோடு என்று நான் சொல்லவில்லை, அதன் நிழல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை வேளைக்குள் முடிகிற சுற்று இது. ஒரு காலத்தில் ‘பெங்களூர்’ என்றால் இவ்வளவுதான் என்பதை உங்கள் கால் உங்களுக்குச் சொல்லும்.

இரண்டு, மதிலின் தடத்தைத் தேடிப் பிடியுங்கள். 1791 முற்றுகையின்போது கிளாட் மார்ட்டின் வரைந்த பெங்களூர் வரைபடம் இருக்கிறது. வாயில்களும் அகழியும் முட்காடும் குறிக்கப்பட்ட போர்க்கால வரைபடங்கள் வேறும் இருக்கின்றன. அலுவலகத்தில் உலகத்தின் தரவுகளையெல்லாம் அடுக்குகிறீர்கள். இந்தப் பழைய தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்திப் பாருங்கள். எந்தச் சந்து வளைகிறது, எந்தத் தெரு திடீரென்று குறுகுகிறது, எங்கே மேடு பள்ளமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டையில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள், கன்னடத்தில் கேளுங்கள். தெரியாவிட்டால் அதற்காகவாவது கற்றுக்கொள்ளுங்கள். குடகுக்குச் சுற்றுலா போகும்போது அங்கே மலை முகடுகளிலும் காப்பித் தோட்டங்களிலும் மைல் கணக்கில் ஓடும் ‘கடங்க’ என்ற பழம் போர் அகழிகளையும் பாருங்கள். விராஜ்பேட்டைப் பக்கம் அந்தப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. பேட்டையைச் சுற்றியிருந்தது எப்படிப்பட்ட வேலை என்று அங்கே கண்ணால் அளக்கலாம்.

மூன்று, குறிக்கச் சொல்லுங்கள். பெர்லினில் இடித்த சுவரின் தடத்தை இரட்டை வரிசைக் கல்லாகச் சாலையில் பதித்து வைத்திருக்கிறார்கள், வண்டிகள் அதன்மேல் ஓடுகின்றன, யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இங்கும் அது முடியும். யாருடைய கடையையும் இடிக்க வேண்டாம், யாருடைய நிலத்தையும் கேட்க வேண்டாம். நான்கு வாயில்கள் இருந்த இடத்தில் நான்கு கல், அவற்றுக்கிடையே சாலையைத் தோண்டி மூடும்போதெல்லாம் தடத்தில் ஒரு வரிசைக் கருங்கல். தோண்டுவதற்கு இந்த ஊரில் பஞ்சமா என்ன? இதற்கான மனுவை மாநகராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் கொடுங்கள். உங்கள் கன்னட நண்பர்கள் முன்னால் கையெழுத்துப் போடட்டும், நீங்கள் பின்னால் போடுங்கள். கல்லில் கன்னடம் முதலில் இருக்கட்டும். வரலாற்று ஆய்வாளர்கள் தடத்தைத் திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள். கல்லை இடம் மாற்றி நடலாம், மறந்துபோன எல்லையைத்தான் நட முடியாது.

முன்னாளில் ஆனேக்கல் வாயில் வழியாக வந்த வழிப்போக்கரைக் காவல்காரன் நிறுத்தி, எந்த ஊர், என்ன சரக்கு என்று விசாரித்துத்தான் உள்ளே விட்டிருப்பான். உங்களை யாரும் அப்படி நிறுத்தவில்லை. சம்பளம், வீடு, நண்பர்கள் எல்லாம் இந்த நகரம் தந்தது. பதிலுக்கு அதன் பழைய எல்லையில் ஒரு கல் நடுவதற்கு உதவுங்கள். நாலு பேர் சேர்ந்தால் போதும், இந்த மாதமே முதல் நடையைத் தொடங்கலாம்.

அன்புடன்,
பெங்களூரில் உங்களுக்கு முன்னால் வந்து தங்கிவிட்ட ஒருவன்